கடைசிக் கம்பத்தில் பதினான்கு வோல்ட்

உலான் பத்தூரின் வடக்குச் சரிவில்
மாலை ஆறு மணிக்கு எடை உண்டு.
கரியைக் கைவிட்ட கம்பளிக் கூடாரங்கள்
ஒரே நேரத்தில் ஹீட்டரைத் திருகும்.
டிரான்ஸ்பார்மரின் அடியில் இருநூற்று இருபத்தாறு.
கம்பம் கம்பமாக மேடேற ஏற
எண்ணுக்கு மூச்சு வாங்கும்.
பதிமூன்றாவது வேலிக்குள் வந்து விழும்போது
நூற்று அறுபத்திரண்டு.

அந்த வேலிக்குள் செரென்னத்மித்,
பள்ளிச் சீருடை தைப்பவள்.
தடித்த மடிப்பு வந்தால்
மோட்டார் முனகும், ஊசி பாதியில் நிற்கும்.
பல்பு தன் இழையை வெளியே காட்டிக்கொண்டு
பழுத்த மஞ்சளில் எரியும்.
நாட்காட்டியின் கட்டங்களில் எழுதி வைத்திருந்தாள்:
171, 168, 165.
ஞாயிறு 159.
ஞாயிற்றுக்குக் கீழே ஒரு பெயர்,
பூரெவ்ஜால்.

பக்கத்து வேலிக்காரன்.
"ரெண்டு ஹீட்டர் போடுறான்.
அவன் போட்டா என் ஊசி நிக்குது.
மீட்டருக்கு முன்னாடியே கொக்கி போட்டிருப்பான், நீயே பாரு."
பார்த்தேன். கொக்கி இல்லை.
சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுகிறவன் போல
பூரெவ்ஜால் மீட்டர் பெட்டியைத் திறந்துவைத்து
கை கட்டி நின்றான்.
மூன்று குளிர்காலமாக
இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

நான் ஒயூன்தாரி.
மின்வாரியத்தின் குளிர்கால அழைப்புப் பட்டியலில்
பதினோரு ஆண்களும் நானும்.
அன்று மைனஸ் முப்பத்தொன்று,
வாய் திறந்தால் கடைவாய்ப் பல் கூசும் குளிர்.
ஏறினேன்.

மேலே எல்லாம் வெள்ளை.
பீங்கான், போல்ட், கம்பி.
நேற்றைய புகைகூட உறைந்து ஒட்டியிருந்தது.
ஒரே ஓர் இடத்தில் பனி இல்லை:
இரண்டு வீட்டுக்கும் கம்பி பிரியுமுன்
யாரோ எப்போதோ
அலுமினியத்தையும் செம்பையும் கையால் முறுக்கி
டேப் சுற்றிவிட்டுப் போன முடிச்சு.
டேப் கருகிச் சுருண்டிருந்தது.
ஒரு சாண் தள்ளி, இரும்புக் கையின் மேல்
ஒரு சிட்டுக்குருவி
உடம்பை உருண்டையாக்கி உட்கார்ந்திருந்தது.
இத்தனை நாள் இவர்கள் சண்டையில்
குளிர்காய்ந்தது அதுதான்.

மீட்டரின் ஒரு முள்ளை முடிச்சுக்கு இந்தப் பக்கமும்
மற்றதை அந்தப் பக்கமும் வைத்தேன்.
ஒரே கம்பி. பூஜ்யம் காட்டவேண்டிய இடம்.
பதினான்கு என்றது.

வரிசை முழுவதையும் அணைக்கச் சொன்னேன்.
பதிமூன்று வேலிகளும் இருண்டன,
எங்கோ ஒரு நாய் மட்டும் அதை ஆட்சேபித்தது.
கீழே இரண்டு டார்ச்.
ஆளுக்கொரு பக்கம் நின்று பிடித்ததால்
என் கைக்கு நிழலே விழவில்லை.
கருகியதை வெட்டினேன், பளபளக்கச் சுரண்டினேன்,
இரண்டு உலோகமும் ஒத்துப்போகிற கிளாம்பைப் பூட்டினேன்.
கையுறைக்குள் விரல்கள் யாருடையவோ போலிருந்தன.

மின்சாரம் வந்ததும்
நூற்று எழுபத்தைந்து.
ஊசி மடிப்பைக் கடந்து போனது.
யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
பூரெவ்ஜால் "சரி" என்றான், அதுவும் கம்பத்தைப் பார்த்து.
உள்ளே போய்
இரண்டாவது ஹீட்டரைப் போட்டான்.
நூற்று எழுபது.
இயந்திரத்தின் குரல் சற்றே இறங்கியது.
செரென்னத்மித் என்னைப் பார்த்தாள்.
தைத்துக்கொண்டே பார்த்தாள்.

மிச்சம் தொலைந்தது முடிச்சில் இல்லை.
மெலிந்த கம்பியில், நானூறு மீட்டர் நெடுக
கொஞ்சம் கொஞ்சமாக,
எந்தக் குருவிக்கும் சூடு எட்டாத அளவில்.
தடித்த கம்பி வேண்டும் என்று எழுதினேன்.
போன வருடமும் எழுதினேன்.
அதே காகிதம், தேதி மட்டும் வேறு.

குருவி எங்கே போனதென்று பார்க்கவில்லை.

என் வீடு சரிவின் அடுத்த பக்கம்,
ஒன்பதாவது கம்பம்.
சூப் கொதிக்க நேரமாகும்.
மீட்டர் பையில்தான் இருக்கும்.
அங்கே நான் அளப்பதில்லை.